கல்யாணத்துக்கு எத்தனை பேர் வேணும்? ஒரு நாரையில் இருந்து 50 பேர் வரை

இந்த எபிசோடில் ஒரு எண்ணைப் பற்றிப் பேசப் போறோம். அந்த எண் 50.

2020 மே மாசம். நாடு முழுக்க ஊரடங்கு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் ஒரு வரி வந்தது: கல்யாணம்னா 50 பேருக்கு மேல் கூடக் கூடாது, இறுதிச் சடங்குன்னா 20 பேர். அதுவரைக்கும் நம்ம வீடுகளில் கல்யாணக் கணக்குன்னா, பத்திரிகை 1000 அடிக்கலாமா 1500 அடிக்கலாமா என்பதுதான். திடீர்னு 50. மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு வீட்டு அப்பா அம்மா, ஐயர் அல்லது பாதிரியார் அல்லது தலைமை தாங்குறவர், சமையல்காரர், போட்டோகிராபர்னு எண்ணிப் பாருங்க. பெரியப்பா வீட்டுக்கு எத்தனை சீட்டு மிஞ்சும்? எத்தனையோ வீடுகளில் அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியலை.

இப்போ வரம்பு எதுவும் இல்லை. ஆனா சின்னக் கல்யாணம் வேணும்னு கேக்குறவங்க இருக்காங்க. 'ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து, பத்து பேருக்குச் சாப்பாடு, முடிஞ்சது' என்பதுதான் அவங்க திட்டம். அதைக் கேட்டதும் வீட்டில் வர்ற முதல் பதில், "ஊர் என்ன சொல்லும்?"

இது வெறும் கௌரவக் கேள்வி மட்டும் இல்லை. ஒரு கல்யாணம் கல்யாணம் ஆகணும்னா எத்தனை பேர் பார்க்கணும் என்பது ரொம்பப் பழைய கேள்வி. அதுக்குத் தமிழில் 2000 வருஷ வரலாறு இருக்கு.

சாட்சி ஒரு நாரை

குறுந்தொகையில் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடினது. ஒரு பெண் பேசுறா. அவளும் அவனும் ரகசியமா ஒண்ணு சேர்ந்தப்போ அங்கே வேற மனுஷங்க யாரும் இல்லை. அவன் நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றது? அங்கே இருந்தது ஓடுற தண்ணியில் மீன் பார்த்துக்கிட்டு நின்ன ஒரு நாரை மட்டும்தான். விருந்தினர் எண்ணிக்கை பூஜ்யம், சாட்சி ஒரு பறவை. அந்தப் பறவையும் மீனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தது.

காதல் பாட்டுன்னு நாம படிக்கிறோம். ஆனா அதுக்குள்ள இருக்கிறது ஒரு சட்டப் பிரச்சனை. சாட்சி இல்லாத வாக்கை எப்படி நிரூபிக்கிறது?

அகநானூறு 256-ஆம் பாட்டில் இதே பிரச்சனைக்கு வேற முடிவு. கள்ளூர்னு ஒரு ஊர். ஒருத்தன் ஒரு பெண்ணோட பழகிட்டு, அவளைத் தெரியவே தெரியாதுன்னு ஊர்ச் சபையில் சாதிக்கிறான். சபை சாட்சிகளை விசாரிக்குது. பொய்னு தெரியுது. அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் சுண்ணாம்பு நீற்றைக் கொட்டுறாங்க. இங்கே சாட்சி சொல்ல ஆள் இருந்தது. அந்தப் பெண் தப்பிச்சா.

தொல்காப்பியம் கற்பியலில் இதைக் கிட்டத்தட்ட ஒரு கொள்கையாவே சொல்லிடுது. ஆரம்பத்தில் சடங்கு இல்லை. பொய் சொல்றதும் வாக்கு தவறுறதும் வந்த பிறகுதான் பெரியவங்க கல்யாணத்துக்குச் சடங்கு வகுத்தாங்க என்பது அதோட கருத்து. சடங்கோட வேலை அழகு சேர்க்கிறது இல்லை. பின்னாடி யாரும் மறுக்க முடியாம செய்யிறதுதான் அதோட வேலை.

அகநானூறு 86-இல் அப்படி ஒரு கல்யாணம் வருது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கு ஏத்தி, உளுந்து சேர்த்த சோறு சமைச்சு, விடியற்காலையில் பிள்ளை பெத்த நாலு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துறாங்க. புரோகிதர் யாரும் அந்தப் பாட்டில் இல்லை. சோறும் சுத்தமும் சாட்சிகளும்தான் இருக்கு.

இங்கே இருந்து ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்குவோம். கல்யாணத்துக்கு ரெண்டு வகை வரம்பு உண்டு. ஒண்ணு, குறைஞ்சபட்சம்: இத்தனை பேராவது பார்க்கணும். இன்னொண்ணு, அதிகபட்சம்: இத்தனை பேருக்கு மேல் கூடாது. முதல் வரம்பு பொய்யைத் தடுக்க வந்தது. ரெண்டாவது வரம்பு பஞ்சத்திலும் நோயிலும் வந்தது.

அமிர்தியில் இருந்து மேல ஏறினா

வேலூரில் இருந்து 25 கிலோமீட்டர் போனா அமிர்தி. ஜவ்வாது மலையோட அடிவாரம். வேலூர்ப் பசங்களுக்கு அது ஸ்கூல் டூர் போன இடம்: 1967-இல் திறந்த உயிரியல் பூங்கா, காடு, ஆறு, அருவி. அங்கே இருந்து மலை மேல ஏறினா மலையாளிகளோட ஊர்கள். கேரள மலையாளிகள் இல்லை. மலையை ஆளுறவங்க என்ற பொருளில் மலையாளி. பட்டியல் பழங்குடியினர்.

ஜவ்வாது மலை மக்கள் எப்படி இந்த மலைக்கு வந்தாங்க என்பதுக்கு ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெரிய தொகுப்பில் அது பதிவாகி இருக்கு. கதைதான், வரலாற்று ஆவணம் இல்லை. ஆனா நம்ம கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

கங்குந்தியில் இருந்த வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்கள் கிட்ட பெண் கேட்டாங்க. இவங்க ஏளனமா மறுத்துட்டாங்க. கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களை மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களோட கிளம்பினாங்க. கிளம்பும்போது மனைவிகள் கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்க: நாய்கள் மட்டும் தனியா திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு நினைச்சுக் காரியம் பண்ணிடுங்க.

பாலாத்தில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கரை ஏறிட்டாங்க. நாய்கள் பாதி நீந்திட்டு, திரும்பிக் காஞ்சிபுரத்துக்கே ஓடிடுச்சு. ஆண்கள் போய் வேடர்களைக் கொன்னுட்டு வீடு திரும்பினா, வீட்டில் காரியமே முடிஞ்சிருந்தது. மனைவிகள் விதவைகள். ஊர்க் கணக்கில் இவங்க ஏழு பேரும் செத்தவங்க, இனி சாதிக்குள்ள இடம் இல்லை. அதனால அவங்க வேடர் பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜவ்வாது மலைக்குப் போய் உழுது பிழைச்சாங்க. அவங்க வழிவந்தவங்கதான் மலையாளிகள்னு கதை முடியுது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புருஷனும் உயிரோட இருக்கான், மனைவியும் உயிரோட இருக்கா. ஆனா கல்யாணம் இல்லை. ஏன்னா ஊர் முடிஞ்சதுன்னு சொல்லிடுச்சு. 'ஊர் என்ன சொல்லும்?' என்ற கேள்வியோட முழு பலமும் இந்தக் கதையில் இருக்கு. ஊர் ஒப்புக்காத கல்யாணத்தில் இருந்துதான் ஒரு சமூகமே பிறந்தது என்பதும் இதே கதையில் இருக்கு.

இன்னைய சட்டத்திலும் இந்த மலைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம், 2-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவுப்படி, மத்திய அரசு தனியா அறிவிக்காத வரை பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவங்களுக்கு அவங்க வழக்கம்தான் சட்டம். ஊர்ப் பெரியவங்க முன்னாடி வழக்கப்படி நடந்தா அது கல்யாணம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா சண்டை வரும்போது என்ன ஆகும்? 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்கு சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கு வந்தது. தமிழ்நாட்டு வழக்கு இல்லை, கணவன் சந்தால், மனைவி ஒராவோன் பழங்குடி. கணவன் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு அந்தப் பெண் புகார் பண்ணாங்க. நீதிமன்றம் சொன்னது: உங்க வழக்கத்தில் ரெண்டாவது கல்யாணம் செல்லாதுன்னா, அந்த வழக்கத்தை நீங்கதான் நிரூபிக்கணும். நிரூபிக்க முடியலை. வழக்கு தோத்தது. வழக்கம் எழுத்தில் இல்லாத இடத்தில், ஊர்ப் பெரியவங்களோட நினைவும் சாட்சியமும்தான் பெரிய ஆதாரம். கல்யாணத்துக்கு வந்தவங்க சாப்பிட்டுப் போனா மட்டும் போதாது, பின்னாடி வந்து பேசவும் வேணும்.

சர்க்கார் மேசைக்கு வந்த கல்யாணம்

ஊரும் சாதியும் மதமும் வேண்டாம், அரசாங்கம் சாட்சியா இருந்தா போதும் என்ற யோசனை பிரெஞ்சுப் புரட்சியில் பெருசாச்சு. 1792 செப்டம்பர் 20-இல் பிரான்ஸ் கல்யாணத்தைத் தேவாலயத்தில் இருந்து எடுத்து நகராட்சி மன்றத்துக்குக் கொண்டு வந்தது. அங்கே அதுக்குப் பேர் மேரி. இன்னைக்கும் பிரான்ஸில் சட்டப்படியான கல்யாணம் மேரியில்தான். தேவாலயமோ கோயிலோ அதுக்குப் பிறகு.

இந்த மேரி நமக்குத் தூரம் இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிஞ்சு விழுந்து, பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினாங்க. செல்ஃபி எடுத்திருப்பீங்க. 1881-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆணைப்படி, புதுச்சேரித் தமிழர்கள் விரும்பினா தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள்ள போகலாம். அப்படிப் போனவங்களுக்கு 'ரெனோன்சான்' என்று பேர், துறந்தவங்கன்னு அர்த்தம். ஒரு கையெழுத்தில் சாதிச் சட்டத்தில் இருந்து வெளியே வர ஒரு கதவு திறந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தக் கதவு 1872-இல் திறந்தது, ஆனா பாதிதான். கேசவ சந்திர சென்னும் பிரம்ம சமாஜமும் போராடி வாங்கின சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரு நிபந்தனை: மணமக்கள் நாங்க இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். காதலிச்சவங்களைக் கட்டிக்க, பிறந்த மதம் இல்லைன்னு கையெழுத்து! 1923-இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்கு அதைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. முழுசா மாறினது 1954 சட்டத்தில்.

இதுக்கு நடுவில் தமிழ்நாடு வேற ஒரு பாதையில் போச்சு. 1928-இல் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்வாங்க. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, சிக்கனம், மாலை மாத்திக்கிட்டு உறுதிமொழி. இதில் கவனிக்க வேண்டிய ஒண்ணு: சடங்கில் சிக்கனம், கூட்டத்தில் இல்லை. பல சுயமரியாதைத் திருமணங்கள் பொதுக்கூட்டம் மாதிரியே நடந்தது. மணமக்களை விட வாழ்த்துரை நேரம் அதிகம்! அதுக்குக் காரணம் இருந்தது. அக்னி சாட்சி இல்லைன்னா, கூடியிருக்கிற மக்கள்தான் சாட்சி.

ஆனா சட்டம் அந்தச் சாட்சியை ஏத்துக்கலை. 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த முறையில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. ஊரறிய, மேடையில், ஆயிரம் பேர் கைதட்ட நடந்திருந்தாலும் கல்யாணம் இல்லை. மனைவிக்குச் சட்டத்தில் மனைவி இடம் இல்லை, பிள்ளைகளோட சொத்துரிமை கேள்விக்குறி. இந்த நிலைமை மாற 1967 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், புரியும் மொழியில், ஒருத்தரை ஒருத்தர் துணையா ஏத்துக்கிறோம்னு சொல்லி, மாலையோ மோதிரமோ மாத்தினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்னு பின்தேதியிட்டு அங்கீகாரம். எத்தனை பேர் முன்னிலையில்? எண்ணே போடலை.

சோறு குறைஞ்சா விருந்து குறையும்

இப்போ அதிகபட்ச வரம்புக்கு வருவோம். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போச்சு, பர்மா அரிசி நின்னது. 1943-இல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. அரிசி அளந்து வாங்குற காலத்தில் ஐந்நூறு இலை போடுறது எப்படி? 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1960-களில் மறுபடியும் பற்றாக்குறை. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார். அதே வருஷம் மேற்கு வங்கத்தில் பால் மிச்சம் பிடிக்க, சென்னாவில் செய்யுற இனிப்புகளுக்கே தடை போட்டாங்க. ரசகுல்லா இல்லாத வங்காளக் கல்யாணம்! அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் பல மாநிலங்கள் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணையும் போட்டன.

இது இந்தியா மட்டும் இல்லை. 1940-இல் பிரிட்டனில் கேக் மேல சர்க்கரைப் பூச்சு போடத் தடை. அங்கே கல்யாணங்களில் சின்ன கேக்கை வெச்சு, மேல அட்டையில் செஞ்ச பெரிய கேக் உருவத்தைக் கவிழ்த்துப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. வரம்பு வந்தா மனுஷன் விருந்தைக் குறைப்பான், ஆனா போட்டோவில் குறையாது.

கொரோனாவிலும் அதேதான். 2021 மே 23, முழு ஊரடங்குக்கு முந்தின நாள். மதுரையில் ஒரு ஜோடி விமானத்தை வாடகைக்கு எடுத்து, நூத்துக்கும் மேல உறவினர்களோட வானத்தில் தாலி கட்டினாங்க. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணை வெச்சது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் கல்யாணம் பண்ண ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில் வெச்சாங்க. மலைக் கிராமத்தில் தாலி, உலகம் முழுக்க இருந்து விருந்தினர்கள். ரெண்டு கதையிலும் தெரியுறது ஒண்ணுதான்: நாலு பேர் பார்க்கணும் என்ற ஆசை சட்டத்தை விடப் பழசு.

உங்க லிஸ்ட்டில் முதல் மூணு பேர்

சின்னதா பண்ணணும்னு திட்டம் போடுறவங்களுக்கு இப்போ நேரடியா. 'ரிஜிஸ்டர் மேரேஜ்'னு நாம பேச்சுவழக்கில் சொல்றது ரெண்டு வேற விஷயம்.

ஒண்ணு, 7-ஏ மாதிரி ஏதோ ஒரு முறையில் கல்யாணத்தை முடிச்சுட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுறது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதக் கல்யாணமா இருந்தாலும் 90 நாளுக்குள் பதியணும். பதிவு கல்யாணத்தை உருவாக்காது; நடந்ததுக்கு வலுவான ஆதாரம் ஆகும்.

இன்னொண்ணு, 1954 சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாறாம வேற மதத்தவரைக் கட்டிக்க இதுதான் பொதுவான வழி. ரெண்டு பேரில் ஒருத்தராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுக்கணும். அதை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவாங்க. 30 நாள் ஆட்சேபனைக்கு. அப்புறம் மூணு சாட்சிகள் கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்த மூணு மாசத்துக்குள் முடிக்கணும். கூடுதல் கட்டணம் கட்டினா, நியாயமான தூரத்தில் நீங்க சொல்ற இடத்தில் வெச்சும் நடத்தலாம்.

அந்த ஒட்டுற நோட்டீஸ்தான் இன்னைய பெரிய சிக்கல். பொய்க் கல்யாணத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு, சாதி மறுத்துக் கட்டிக்கிறவங்களை வீட்டுக்காரங்களுக்குக் காட்டிக் கொடுக்கிற ஏற்பாடா ஆயிடுச்சு. 2012-இல் தருமபுரியிலும் 2016-இல் உடுமலைப்பேட்டையிலும் என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். இந்த நோட்டீஸை ஒட்டுறது ஜோடியோட விருப்பம்னு 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 7-ஏ விஷயத்தில், கல்யாணம் பகிரங்கமா நடக்கணும்னு 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை, 2023 ஆகஸ்ட் 28-இல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. குடும்ப எதிர்ப்புக்குப் பயந்து இருக்கிற ஜோடியைப் பகிரங்கமா பண்ணுன்னு சொல்றது அவங்க உயிருக்கே ஆபத்து ஆகலாம் என்பது அதோட வாதம். வக்கீலே நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம்னும் சொன்னது.

அதனால எங்க பார்வையில், விருந்தினர் பட்டியலை மேல இருந்து வெட்டிட்டு வராதீங்க. கீழ இருந்து கட்டுங்க. முதலில் மூணு பேர் எழுதுங்க. பத்து வருஷம் கழிச்சு நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ பஞ்சாயத்திலோ "ஆமா, நான் அன்னைக்கு அங்கே இருந்தேன்"னு சொல்லக்கூடிய மூணு பேர். வசதி உள்ளவங்களா இருக்க வேண்டியது இல்லை, வாக்கு மாறாதவங்களா இருக்கணும். அதுக்கு அப்புறம் உங்களை வளர்த்தவங்க. அதுக்கு அப்புறம், உங்க வாழ்க்கையில் தினமும் வர்றவங்க. அதுக்கு மேல எல்லாம் மண்டபத்தோட கொள்ளளவு.

பெரியப்பாவுக்கு என்ன சொல்றது? மொய் நோட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பேர், ஊர், தொகைன்னு வரிசையா இருக்கும். யார் வந்தாங்க, யாருக்கு நாம திருப்பிச் செய்யணும் என்ற கணக்கு அது. உங்க அப்பா முப்பது வருஷமா மத்தவங்க கல்யாணத்தில் எழுதின மொய், உங்க கல்யாணத்தில் வரணும்னு அவர் நினைக்கிறது பேராசை இல்லை. அவர் கட்டி வெச்ச உறவுக் கணக்கு அது. அதை மதிச்சு ஒரு தனி நாளில் ஊரில் ஒரு சாப்பாடு வைக்கலாம். ஆனா கையெழுத்துப் போடுற மேசைக்குப் பக்கத்தில் யார் நிக்கணும் என்பதை நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். ஊர் செத்ததாச் சொன்ன ஏழு பேர் ஒரு மலையில் போய் வாழ்ந்து காட்டினதாத்தான் ஜவ்வாது மலை சொல்லுது.

அந்த மூணு பேர் யாருன்னு யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.